கிரீன் டீ மாத்திரை எரிக்கும் கொழுப்பு எத்தனை கிராம்?

உடற்பயிற்சி செய்யத் தொடங்கியவர்களின் கையில் முதலில் வந்து சேருவது கிரீன் டீ மாத்திரை டப்பாதான் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

எனக்கு வயது 42. உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. மூன்று மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். நடைக்கு முன் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை போட்டால் கொழுப்பு இரண்டு மடங்கு எரியும் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். மாதம் 1,200 ரூபாய் ஆகும். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

இரண்டு மடங்கெல்லாம் எரியாது. அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பதைத் தெரிந்துகொண்டால், பணம் போடலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. ஆரோக்கியமான 12 ஆண்களுக்குக் கிரீன் டீ சாறு மாத்திரை கொடுத்து, அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளந்தால், அந்த நிமிடம் உடம்பு எதை எரிக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 0.7-ஐ நெருங்கினால் கொழுப்பு அதிகம் எரிகிறது. 1-ஐ நெருங்கினால் மாவுச்சத்து. சாறு எதுவும் இல்லாத வெற்று மாத்திரை போட்ட நாளில் நிமிடத்துக்கு 0.35 கிராம் கொழுப்பு எரிந்தது. கிரீன் டீ மாத்திரை போட்ட நாளில் 0.41 கிராம். அதாவது 17 சதவீதம் கூடுதல். விளம்பரங்களில் வருவது இந்தச் சதவீதம்.

இதையே கிராமில் பாருங்கள். நிமிடத்துக்கு 0.06 கிராம் வித்தியாசம் என்றால் அரை மணிக்கு 1.8 கிராம். தோசைக்கல்லில் சுற்றி ஊற்றும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் சுமார் 4.5 கிராம். அதில் பாதிகூட இல்லை. கலோரியில் சொன்னால் சுமார் 16.

அந்த 16 கலோரியும் கூடுதலாகச் செலவானது அல்ல. மிதித்த வேகம் இரண்டு நாளும் ஒன்றுதான். மாத்திரை நாளில் கொழுப்பு சற்றுக் கூடுதலாகவும் மாவுச்சத்து சற்றுக் குறைவாகவும் எரிந்தன, அவ்வளவே. நடக்கும்போது கொழுப்பைக் கொஞ்சம் அதிகமாக எரித்த உடம்பு, மீதி நேரத்தில் மாவுச்சத்தை அதிகமாக எரித்துக் கணக்கை நேர் செய்துகொள்ளும். இடுப்புச் சதை கரைவது 24 மணி நேரக் கணக்கின்படிதான். உள்ளே போனதைவிடச் செலவானது அதிகமாக இருந்தால் கரையும்; இல்லாவிட்டால் எந்த மாத்திரை போட்டாலும் கரையாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பர்மிங்காம் ஆய்வுக்கூடத்தில் 2013-இல், ஒரு நாளும் ஏழு நாளும் மாத்திரை கொடுத்துத் திரும்பவும் சோதித்தபோது, பயிற்சியின்போது எரியும் கொழுப்பில் மாற்றமே தெரியவில்லை.

உங்களைப் போல எடை கூடிய, பயிற்சியும் செய்கிறவர்களை வைத்து நடந்த முக்கியமான ஆய்வு 2009-இல் அமெரிக்காவில் வெளியானது. 132 பேர், 12 வாரம், வாரத்துக்கு 180 நிமிட மிதமான பயிற்சி. ஒரு பிரிவினர் தினமும் 625 மில்லிகிராம் கேட்டச்சினும் (கிரீன் டீக்குக் கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்) சிறிது காஃபீனும் கலந்த பானம் குடித்தார்கள்; மற்றவர்களுக்கு அதே அளவு காஃபீன் மட்டும் கலந்த பானம். கேட்டச்சின் குடித்தவர்கள் 2.2 கிலோ குறைந்தார்கள். மற்றவர்கள் 1 கிலோ. இந்த எடை வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் புள்ளியியல் கணக்கு நின்றது. மொத்த உடல் கொழுப்பிலும் வித்தியாசம் இல்லை. வயிற்றுப் பகுதிக் கொழுப்பின் பரப்பளவு மட்டும் 7.7 சதவீதம் குறைந்தது; மற்ற பிரிவில் 0.3 சதவீதம். கவனிக்கத்தக்க முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக் குழுவில் அந்தப் பானத்தைத் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்த வகை ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில் கிரீன் டீயால் குறைந்த எடை சராசரியாக 0.04 கிலோ. அதாவது 40 கிராம்!

இப்போது உங்கள் கணக்கு. உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 30.5. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் உங்கள் எடைக்குச் சுமார் 200 கலோரிக்கு மேல் செலவாகிறது. இன்னும் 15 நிமிடம் நீட்டினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவைக் கழித்தாலும், 50 கலோரிக்கு மேல் கூடும். மாத்திரை காட்டிய 16-ஐப் போல மூன்று பங்கு இது. இரவுச் சாப்பாட்டில் 100 கிராம் சோறு குறைத்தால் 130 கலோரி. 1,200 ரூபாய்க்கு மாத்திரை வாங்க வேண்டாம். நல்ல நடை செருப்போ ஷூவோ வாங்குங்கள். முட்டை, சுண்டல், பயறு வாங்குங்கள்.

டப்பாவில் ‘கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி.’ என்று மட்டும் இருக்கிறது. இது அதிகமா, குறைவா? எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, ஈரோடு

500 மில்லிகிராம் என்பது சாற்றுப்பொடியின் மொத்த எடை. நீங்கள் தேட வேண்டியது இ.ஜி.சி.ஜி. என்ற எழுத்துகளை. தேயிலையில் உள்ள கேட்டச்சின்களில் அளவிலும் வீரியத்திலும் முதலிடம் அதற்குத்தான். ‘பாலிஃபினால் 90%, இ.ஜி.சி.ஜி. 50%’ என்று போட்டிருந்தால் (பாலிஃபினால் என்பது கேட்டச்சின்களும் அடங்கிய பெரிய குடும்பம்), 500-இல் பாதி, அதாவது ஒரு மாத்திரைக்கு 250 மி.கி. இ.ஜி.சி.ஜி. தினமும் இரண்டு என்றால் 500. மூன்று என்றால் 750. பாலிஃபினால் சதவீதம் மட்டும் இருந்து இ.ஜி.சி.ஜி. அளவு இல்லாவிட்டால் உங்களால் கணக்குப் போடவே முடியாது. அப்படிப்பட்ட டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

எல்லைக்கோடு எது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஆராய்ந்து சொன்னது இது: மாத்திரை வடிவில் ஒரு நாளைக்கு 800 மி.கி.யும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. எடுத்தவர்களுக்குக் கல்லீரல் என்சைம்கள் ரத்தத்தில் கூடுகின்றன. அதை வைத்து ஐரோப்பிய ஒன்றியம் 2022 இறுதியில் விதியே கொண்டுவந்தது. ஒரு நாள் அளவு 800 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் சாப்பிடக் கூடாது, அதே நாளில் வேறு கிரீன் டீ பொருள் சேர்க்கக் கூடாது என்று டப்பாவில் அச்சிட வேண்டும்.

இன்னொரு வரியையும் படியுங்கள்: வேறு என்ன கலந்திருக்கிறது? கார்சீனியா கலந்த ‘ஃபேட் பர்னர்’கள் நிறைய வருகின்றன. கார்சீனியா என்று அவற்றில் போடுவது நம் குடம்புளியேதான். மீன் குழம்பில் போடும் இரண்டு சுளை வேறு, மாத்திரையில் அடைத்த அடர்சாறு வேறு. அந்தச் சாற்றாலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. இரண்டும் சேர்ந்த மாத்திரையை நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். முகவரி, உரிமம் எண் எதுவும் இல்லாமல் கையில் கொடுக்கப்படும் பொடிகளில் சிபுட்ராமின் என்ற பசியடக்கி மருந்து ரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டு, பிறகு இந்தியாவிலும் தடை செய்யப்பட்ட மருந்து அது. ‘ஒரே வாரத்தில் பசியே இல்லை’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, சாப்பிடாமல் நடந்தால்தான் கொழுப்பு எரியும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?
– வாசகி, திருநெல்வேலி. இதே கேள்வி: வாசகர், கோயம்புத்தூர்

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் இ.ஜி.சி.ஜி. அதிகமாக உறிஞ்சப்படும் என்பது உண்மை. உணவோடு எடுப்பதைவிட ரத்தத்தில் அதன் உச்ச அளவு மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. குடலில் உறிஞ்சப்பட்டது நேரே போய்ச் சேரும் முதல் இடம் கல்லீரல். சாப்பாட்டோடு கலந்து மெல்ல மெல்ல வர வேண்டியது ஒரே நேரத்தில் வெள்ளமாக வந்தால், அளவு மீறிய இ.ஜி.சி.ஜி. கல்லீரல் செல்களைக் காக்காமல் சிதைக்கத் தொடங்குகிறது. வெறும் வயிற்றில் அதிக அளவு சாறு கொடுக்கப்பட்ட நாய்கள் இறந்துபோனதால் ஓர் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

மனிதர்களிலும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில், மாதவிடாய் நின்ற 1,075 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினமும் 843 மி.கி. இ.ஜி.சி.ஜி. உள்ள மாத்திரையை ஓராண்டு கொடுத்தார்கள். எஸ்.ஜி.பி.டி. என்று நம் பரிசோதனைத் தாளில் வரும் கல்லீரல் என்சைம் மாத்திரைப் பிரிவில் 6.7 சதவீதம் பேருக்குக் கூடியது. வெற்று மாத்திரைப் பிரிவில் 0.7 சதவீதம். அத்தனைக்கும் எடை குறைந்ததா என்றால், இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. பிரான்சிலும் ஸ்பெயினிலும் விற்ற ஒரு கிரீன் டீ எடைக் குறைப்பு மாத்திரை 2003-இலேயே கல்லீரல் பாதிப்பால் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் கிரீன் டீ சாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைச் சோதித்தபோது, ஹெச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது. பொதுமக்களிடம் அது அவ்வளவு பரவலாக இல்லை. ஆகவே, ‘என் நண்பர் ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆகவில்லை’ என்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

தொடங்கிய சில வாரங்களுக்குள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், அறிகுறி தெரியும்: காரணமில்லாத அசதி, குமட்டல், பசியின்மை, வலது விலாவுக்குக் கீழே வலி, உடம்பெல்லாம் அரிப்பு, டிக்காஷன் நிறத்தில் சிறுநீர், கண் வெள்ளையில் மஞ்சள். இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, கல்லீரல் பரிசோதனைக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள். ‘காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்ப்போம்’ என்று வீட்டில் நாள் கடத்தினால், நிறுத்தியிருந்தாலே சரியாகியிருக்கக்கூடிய கல்லீரல் கைமீறிப் போகலாம்.

சாப்பிடாமல் நடப்பது தனி விஷயம். நடக்கும் நேரத்தில் கொழுப்பு சற்று அதிகம் எரியும். ஆனால் 20 இளம் பெண்களை நான்கு வாரம் சோதித்த ஒரு சிறிய ஆய்வில், பயிற்சிக்கு முன் சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஒரே அளவில்தான் இளைத்தார்கள். உங்களுக்கு எது தோதோ அப்படி நடங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றில் நடக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

தினமும் மூன்று வேளை ஃபில்டர் காபி குடிப்பேன். கிரீன் டீ வேலை செய்யுமா?
– வாசகர், கும்பகோணம்

இன்னும் குறைவாகத்தான். கிரீன் டீயின் தூண்டல் வேலையில் பெரும்பங்கு காஃபீனுடையது. கேட்டச்சின், உடம்பைத் தூண்டும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சிதைக்கும் என்சைமைத் தடுக்கிறது. காஃபீன் அதன் தூண்டலை நீட்டிக்கிறது. இரண்டும் கைகோத்தால்தான் விளைவு. உங்கள் உடம்போ காஃபீனுக்கு எப்போதோ பழகிவிட்டது. வழக்கமாக நிறைய காஃபீன் எடுப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருப்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஐ.சி.எம்.ஆர். – தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியின்படி 150 மி.லி. டிக்காஷன் காபியில் 80 முதல் 120 மி.கி. காஃபீன்; ஒரு நாள் எல்லை 300. உங்கள் மூன்று காபியே அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. அதன் மேல் ‘ஃபேட் பர்னர்’ போட்டால் படபடப்பும் தூக்கக் கெடுதலும்தான் மிஞ்சும். மூன்று காபியிலும் சர்க்கரையை ஒவ்வொரு தேக்கரண்டி குறையுங்கள். 5 கிராம் தேக்கரண்டிக்கு 20 கலோரி. ஒரு நாளைக்கு 60. இது நிச்சயமான லாபம்.

மாத்திரை வேண்டாம், டீயாகவே குடிக்கிறேன். கசப்பு தாங்கவில்லை. சரியாகப் போடுவது எப்படி? எலுமிச்சை, தேன், பால் சேர்க்கலாமா?
– வாசகி, குன்னூர்

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். பொட்டலத்தில் பறித்த மாதமோ அடைத்த மாதமோ பார்த்து, புதிய இலையாக வாங்குங்கள். கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: கொதிக்கும் தண்ணீர், அதிக நேரம் ஊறுவது. கறுப்புத் தேயிலையைப் போல அடுப்பில் போட்டுக் கொதிக்கவைக்கிற பழக்கத்தை இதற்குக் கொண்டுவரக் கூடாது.

ஒரு டம்ளர், அதாவது சுமார் 180 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை. சுருண்ட இலையானால் ஒரு தேக்கரண்டி மட்டமாக. விரிந்த இலையானால் சற்றுக் கூம்பாக. குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்களுக்கு வேண்டியது 75 முதல் 80. கொதித்த தண்ணீரை டவராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டு முறை ஆற்றி, ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு இலைமேல் ஊற்றி மூடி, இரண்டு நிமிடம். அதிகம் போனால் மூன்று. வடிகட்டிவிட வேண்டும், இலை டம்ளரிலேயே கிடந்தால் கடைசி மடக்கு கஷாயமாகிவிடும். அதே இலையில் இன்னொரு முறை போடலாம். சூடு கூடினால் கேட்டச்சின் இன்னும் அதிகமாக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கசப்பை மறைக்க இரண்டு கரண்டி சர்க்கரை போடுவதானால் என்ன பயன்?

நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு நல்லது. கேட்டச்சின் குடலில் சிதையாமல் நிற்க வைட்டமின் சி உதவுகிறது. தேன் ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று நம்பி ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 60 கலோரி உள்ளே போகிறது. பாதித் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். பால் வேண்டாம். அதன் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்ளும், சுவையும் கெடும்.

ஒரு கோப்பையில் தோராயமாக 50 முதல் 100 மி.கி. இ.ஜி.சி.ஜி. இருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை போதும், மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம். இப்படிக் குடிக்கும் டீயால் கல்லீரல் பாதிப்பு மிக மிக அபூர்வம். மாத்திரைபோல ஒரே வாயில் 500 மி.கி. விழுங்க டீயில் வழியில்லை. அந்த மெதுவான போக்கே பாதுகாப்பு.

ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கிரீன் டீ குடிக்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

டீயாகக் குடிக்கலாம், நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். கீரை, பருப்பு, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றிலுள்ள இரும்பைத் தேயிலை கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் டீ கூடாது. இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து டீ.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் புதிதாக நிறையக் கிரீன் டீ தொடங்குவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ரத்த அழுத்தத்துக்கு நாடோலால் எடுப்பவர்களுக்கு அறவே வேண்டாம்: ஜப்பானில் நாளுக்கு 700 மி.லி. வீதம் இரண்டு வாரம் கிரீன் டீ குடிக்கவைத்து அளந்தபோது, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு 85 சதவீதம் சரிந்துவிட்டது.

இரண்டு மாதம் நடந்தும் எடை அப்படியே நிற்கிறது. பேன்ட் மட்டும் தளர்ந்திருக்கிறது. எடை இறங்காவிட்டால் என்ன பிரயோசனம்?
– வாசகர், மதுரை

பிரயோசனம் பேன்ட்டில்தான் தெரிகிறது! வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு பயிற்சிக்குச் சீக்கிரம் இறங்கும். அதே நேரம் தொடையிலும் இடுப்பிலும் தசை கொஞ்சம் ஏறியிருக்கும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். நாடாவால் அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, தோல்மேல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின். வயிற்றை எக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலைக்கடன் முடித்ததும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே வருவது இலக்கு.

நடையின் வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேருங்கள்: கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, இவை ஒவ்வொன்றும் மூன்று சுற்று. மூட்டு வலிப்பவர்கள் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கொழுப்பை எரிக்கும் திறன் இப்படிச் சில வாரங்களில் தசைக்குள்ளேயே வளர்கிறது.

இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு மாத்திரை சாப்பிட்டுவிட்டேன். திடீரென்று நிறுத்தலாமா? பயமாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

இன்றே நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. மாத்திரையில் காஃபீன் இருந்திருந்தால் ஓரிரு நாள் தலைவலியும் சோம்பலும் இருக்கும், தானாகப் போய்விடும். அசதி, அரிப்பு, மஞ்சள் எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். மன நிம்மதிக்கு ஒரு கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் பாருங்கள். ஏற்கெனவே கொழுப்புக் கல்லீரல் இருந்தால் அதனாலும் அது கூடும் என்பதால் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதி மாத்திரைகளை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.